பொருள்வில்லையிற் பொறித்த இரண்டு எண்கள்

கல்லூரி ஆய்கூடத்து நுணுக்குக்காட்டியொன்றின் பொருள்வில்லையைக் கழற்றி அதன் உலோக உறையை உற்று நோக்குவோர், அதிலே இரண்டு எண்கள் அருகருகே பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். 40 என்பது முதலாவது, 0.65 என்பது இரண்டாவது. முதலாம் எண்ணின் பொருளை மாணவர் முதல் நாளிலேயே அறிந்துகொள்கின்றனர். அது வில்லையின் உருப்பெருக்கம். பத்து மடங்கு பெருக்கும் பார்வைத்துண்டோடு சேர்த்து நோக்கின் பொருள் நானூறு மடங்கு பெரிதாகத் தோன்றும். வினாத்தாளுக்கு இவ்வளவே போதும். இரண்டாம் எண்ணைப்பற்றி வினவுவோர் அரியர். ஆயினும், நுணுக்குக்காட்டியின் வரலாற்றை ஆராயுமிடத்து, முதலாம் எண்ணை நாடி இருநூறு ஆண்டுகள் உழைத்த அறிஞர், தாம் நாடியிருக்க வேண்டியது இரண்டாம் எண்ணையே என்பதை மெல்ல மெல்ல உணர்ந்த கதையே அவ்வரலாறு என்பது புலனாகும். அவ்வுணர்வு வரும்வரை, கண்ணாற் கண்டோமென்று அவர்கள் எழுதிவைத்தவற்றுட் சில உலகில் இல்லாத பொருள்களாகவே இருந்தன.

உருப்பெருக்கம் விளங்குதற்கு அரியதன்று. பொருள்வில்லை, தன் குவியத்துக்குச் சற்று அப்பால் வைக்கப்பட்ட பொருளின் மெய்விம்பமொன்றைக் குழலின் மேற்பாகத்தில் உண்டாக்குகின்றது. பார்வைத்துண்டு அவ்விம்பத்தைக் கைவில்லை போல நின்று மீண்டும் பெருக்குகின்றது. நெடுங்காலம் வழங்கிவந்த 160 மில்லிமீற்றர்க் குழல் அமைப்பில், 16 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லை பத்து மடங்கும், 4 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லை நாற்பது மடங்கும் பெருக்கும். குவியத்தூரம் குறையக் குறையப் பெருக்கம் கூடும். எனவே, வில்லையைச் சிறிதாகவும் வளைவு மிக்கதாகவும் தீட்டிக்கொண்டே போனால் எவ்வளவு பெருக்கத்தையும் அடையலாமன்றோ? பழைய வில்லைத் தொழிலாளர் இங்ஙனமே எண்ணினர். பெருக்கமும் உண்மையிற் கூடத்தான் செய்தது. அப்பெருக்கத்திற் காணப்பட்டது யாது என்பதே வினா.

இரு வில்லைத் தொகுதிகளைக் கொண்ட கூட்டு நுணுக்குக்காட்டி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வழக்கிற்கு வந்தது. அதற்குப் பெரும்புகழ் தேடிக் கொடுத்தவர் இலண்டன் அரச கழகத்தைச் சேர்ந்த றொபேட் ஹூக். வில்லின் நீட்சிபற்றிய விதியினால் பௌதிக மாணவர் அறிந்த ஹூக் இவரே. 1665 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘மைக்கிரோகிறாபியா’ என்னும் நூலில் தெள்ளும் பேனும் பூஞ்சணமும் ஊசியின் முனையும் பெரிய படங்களாகத் தீட்டப்பட்டிருந்தன. தக்கையின் மெல்லிய சீவலிலே சிறு அறைகளைக் கண்டு, அவற்றுக்கு இன்று கலம் என நாம் வழங்கும் பெயரை இட்டவரும் அவரே. ஆயினும், அந்நூலின் முகவுரையிலேயே கருவியின் குறையை ஹூக் மறையாது கூறியுள்ளார். ஒற்றை வில்லை, கூட்டு நுணுக்குக்காட்டியிலும் பார்க்கத் தெளிவான உருவைத் தரும் என்றும், கண்ணுக்கு வருத்தமாயிருந்தமையால் தாம் அதனை மிகுதியாகப் பயன்படுத்தவில்லை என்றும் அவர் எழுதினார். கண்ணாடி இழையைத் தீச்சுவாலையில் உருக்கிச் சிறு மணிபோன்ற வில்லை செய்யும் முறையையும் அவர் அங்கே விளக்கினார்.

ஹூக் வருத்தமென்று விட்டதை ஒல்லாந்தில் டெல்வ்ற் நகரத்துத் துணி வணிகரொருவர் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். அன்ரன் வான் லீவன்ஹூக் (1632-1723) பல்கலைக்கழகம் சென்றவரல்லர், இலத்தீன் கற்றவருமல்லர். இரு சிறு உலோகத் தகடுகளுக்கிடையே ஒற்றை வில்லையைப் பொருத்திக் கண்ணோடு ஒட்டவைத்து நோக்கினார். மிளகின் உறைப்புக்குக் காரணம் யாதென அறியவிரும்பி, அதனை நீரில் ஊறவைத்து ஆராய்ந்தபோது அந்நீரில் எண்ணிறந்த நுண்ணுயிர்களைக் கண்டு, 1676 ஆம் ஆண்டில் அரச கழகத்துக்கு எழுதினார். மிளகின் முள் எதனையும் அவர் காணவில்லை. கண்டது அதனினும் பெரிது. கழகத்தார் உடனே நம்பினாரல்லர். அடுத்த ஆண்டு நவம்பரில் ஹூக் தாமே மிளகு நீரை ஆயத்தஞ்செய்து உறுப்பினர்க்குக் காட்டிய பின்னரே அச்செய்தி ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1683 இல் லீவன்ஹூக் தம் பல்லிடுக்கு அழுக்கிலிருந்து வரைந்தனுப்பிய உருவங்கள் பற்றீரியாக்களே என்பதில் இன்று ஐயமில்லை.

அவர் தம் சிறந்த வில்லைகளைச் செய்த முறையை ஒருவருக்கும் உரைத்தாரல்லர். எஞ்சியுள்ள அவருடைய கருவிகளுள் ஆற்றல் மிக்கது யூற்றெக்ற் பல்கலைக்கழக நூதனசாலையில் உள்ளது. அஃது ஏறத்தாழ 270 மடங்கு பெருக்குவது. தகடுகளைப் பிரியாமலே நியூத்திரன் கற்றையினால் அதன் உள்ளமைப்பை ஆராய்ந்த ஒல்லாந்து ஆய்வாளர், அவ்வில்லை உருக்கிச் செய்யப்பட்ட சிறு மணியே என 2021 இல் வெளியிட்டனர். ஹூக் எழுதிய முறைக்கு ஒத்த முறை அது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு காக்கப்பட்ட இரகசியம் அச்சேறிய நூலொன்றில் முன்னரே கிடந்தது போலும்.

ஒற்றை வில்லை கூட்டுக் கருவியை வென்றது ஏன்? கோளமாகத் தீட்டப்பட்ட வில்லையின் ஓரத்தினூடாகச் செல்லும் கதிரும் நடுவினூடாகச் செல்லும் கதிரும் ஒரே புள்ளியிற் குவிவதில்லை, இது கோளப்பிறழ்ச்சி. நீலக் கதிர் சிவப்புக் கதிரிலும் மிகுதியாக முறிவதனால் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறிடத்திற் குவிந்து, உருவின் விளிம்பிலே வர்ணப் பட்டைகளை உண்டாக்கும், இது நிறப்பிறழ்ச்சி. கூட்டுக் கருவியில், பொருள்வில்லை இழைத்த இவ்விரு பிழைகளையும் பார்வைத்துண்டு உருவோடு சேர்த்துப் பெருக்கித் தருகின்றது. பொருள்வில்லை கொடாத எதனையும் பார்வைத்துண்டு உண்டாக்கமாட்டாது. அது பெற்றதைப் பெரிதாக்குவதே செய்யும். இக்குறைக்கு அக்காலத்தார் கண்ட மருந்து, துளையுள்ள தகடொன்றினால் வில்லையின் ஓரத்தை மறைத்து நடுப்பாகத்தை மாத்திரம் பயன்படுத்துதல். மருந்து நோயினும் கொடியது என்பது பின்னரே தெரியவந்தது.

நிறப்பிறழ்ச்சியைத் திருத்துதல் இயலாதென நியூற்றன் கருதினார். அவருடைய பெயரின் பாரம் ஒரு தலைமுறையை அசையவொட்டாது தடுத்ததெனல் மிகையாகாது. 1730 ஐ அண்டிய ஆண்டுகளில் செஸ்ரர் மூர் ஹோல் என்னும் சட்ட அறிஞர், கிறவுண் கண்ணாடியாலான குவிவு வில்லையையும் ஈயங்கலந்த பிளின்று கண்ணாடியாலான குழிவு வில்லையையும் இணைத்து, ஒன்றின் நிறப்பிழையை மற்றொன்றாற் போக்கினார். 1758 இல் யோன் டொலண்ட் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். தொலைகாட்டிக்கு இஃது உடனே பயன்பட்டது. நுணுக்குக்காட்டியின் வில்லையோ கடுகு போன்றது. அவ்வளவு சிறிய இரட்டை வில்லையைத் தீட்டுவது கைக்கு எளிதன்று. 1807 இல் அம்ஸ்ரடாமில் வான் டைலும், 1820 களிற் பாரிசில் செவலியேயும் அத்தகைய வில்லைகளை விற்பனைக்குக் கொணரும் வரை மருத்துவரும் உடற்கூற்றியலாரும் பழைய கருவியையே நம்பவேண்டியிருந்தது. நம்ப மறுத்தவரும் இருந்தனர். உடலின் இழையங்களை வகுத்தாராய்ந்து புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர் பிசா, 1802 இல் இறக்கும்வரை நுணுக்குக்காட்டியை ஐயுற்று ஒதுக்கியே வைத்தார். அவருடைய ஐயம் பொருளற்றதன்று.

1823 இல் பாரிசில் மில்ன் எட்வேட்ஸ் என்னும் இளம் அறிஞர், விலங்குகளின் இழையங்கள் யாவும் ஒரேயளவான சிறு கோளங்களால் ஆனவை என்றும், அவற்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் 300 இல் ஒரு பங்கு என்றும் எழுதினார். தசையிலும் நரம்பிலும் தோலிலும் அவர் அக்கோளங்களையே கண்டார். அவர் பொய்யுரைத்தவரல்லர்; கண்ணெதிரே தோன்றியதையே வரைந்தார். திருத்தப்படாத வில்லையினூடு நோக்கும்போது நுண்ணிய பொருள் எதுவாயினும் ஒளிவளையம் சூழ்ந்த உருண்டையாகத் தோன்றும். இழையத்தின் அமைப்பென்று அவர் கருதியது கருவியின் குறையே. அவருக்கு முன்னும் பின்னும் வேறு பலரும் இத்தகைய கோளங்களைக் கண்டனர்; ஒருவர் கண்டதை மற்றொருவர் கண்டமையே அதன் உண்மைக்குச் சான்றெனவும் கொள்ளப்பட்டது. ஒரே பிழையுள்ள கருவிகள் ஒரே பொய்யைக் கூறும் என்பதை எவரும் எண்ணவில்லை.

இதனை வெளிப்படுத்தியவர் இலண்டனிலே முந்திரிகைமது வணிகம் நடாத்திய யோசேப்பு யக்சன் லிஸ்ரர். அறுவை மருத்துவத்திற் கிருமியழிப்பு முறையைப் புகுத்திய லிஸ்ரர் பிரபுவின் தந்தை இவர். வணிகம் போக எஞ்சிய நேரத்தில் வில்லைகளை ஆராய்வதே அவருடைய பொழுதுபோக்கு. தாம் வகுத்தபடி திருத்திச் செய்வித்த கருவியினால் அவரும் மருத்துவரான தோமஸ் ஹொட்ஸ்கினும் குருதியையும் இழையங்களையும் நோக்கி, 1827 இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். தசையிலே கோளங்களில்லை, குறுக்குவரிகள் அமைந்த நார்களே உள்ளன. குருதியின் செங்கலம் கோளமன்று. இருபுறமும் குழிந்த தட்டு. அதன் விட்டத்தை ஓர் அங்குலத்தின் 3000 இல் ஒரு பங்கென அவர்கள் அளந்தனர். இன்றைய அளவு அதனின்றும் மிகுதியாக வேறுபடவில்லை. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரையின் முன் கோளக் கொள்கை நில்லாதொழிந்தது. அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிற் சிலைடனும் சுவானும் கலக் கொள்கையை நிறுவினர். திருந்திய வில்லைகள் இல்லாதிருப்பின் அது வெறும் ஊகமாகவே நின்றிருக்கும்.

1830 இல் லிஸ்ரர் அரச கழகத்தின் ஏட்டில் எழுதிய கட்டுரை அதனினும் பெரிய பயனை விளைத்தது. இரட்டை வில்லையொன்றுக்குக் கோளப்பிறழ்ச்சி நீங்கிய நிலைகள் இரண்டு உண்டு என்பதை அவர் கண்டார். ஒரு வில்லையின் அத்தகைய நிலையை மற்றொன்றின் நிலையோடு பொருந்தவைத்தால், பிழையைக் கூட்டாமலே வில்லைகளை அடுக்கலாம். அடுக்கடுக்காக வில்லைகளை வைத்துப் பார்த்து, நன்றாயமைந்ததை எடுத்துக்கொள்ளும் தற்செயல் முறை இதனால் நீங்கியது. இத்தாலியிலே அமீச்சி, அடுக்கின் முகப்பில் அரைக்கோள வில்லையொன்றை அமைத்தும், அவ்வில்லைக்கும் பொருளுக்கும் இடையே நீர்த்துளியை நிரப்பியும் மேலும் முன்னேறினார். அவருடைய நீரமிழ் வில்லை 1855 இற் பாரிசுப் பொருட்காட்சியிற் காட்டப்பட்டது.

இக்காலத்தில் ஒரு புதிய பித்து தோன்றியது. தயற்றம் எனப்படும் நுண்பாசியின் சிலிக்கா ஓட்டிலுள்ள வரிகளை யாருடைய வில்லை பிரித்துக் காட்டுகின்றது என்பதில் தொழிலாளரும் செல்வரும் போட்டியிட்டனர். யேர்மனியரான நோபேட் என்பவர் வைரமுனையாற் கண்ணாடியில் மென்மேலும் நெருங்கிய கோட்டுத் தொகுதிகளைக் கீறி விற்றார். அவருடைய தட்டொன்றின் பத்தொன்பதாம் தொகுதியில் அடுத்தடுத்த கோடுகளின் இடைத்தூரம் மைக்கிரோமீற்றரின் காற்பங்கிலும் குறைவு. (மைக்கிரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு.) இங்கிலாந்தில் ஓர் அங்குலத்தின் ஐம்பதிலொரு பங்கே குவியத்தூரமுள்ள வில்லைகள் 1860 களிற் செய்யப்பட்டன. பெருக்கம் ஆயிரங்களாக உயர்ந்தது, விலையும் உயர்ந்தது. ஆயினும் விந்தையொன்று கண்டனர்: பெருக்கம் குறைந்ததாயினும் அகன்ற கூம்பாக ஒளியை ஏற்கும் வில்லை கோடுகளைப் பிரித்துக் காட்ட, பெருக்கம் மிக்கதாயினும் ஒடுங்கிய வில்லை வெறும் மங்கலையே காட்டிற்று. ஏனென்று கூற எவராலும் இயலவில்லை.

காரணம் கண்டவர் ஏர்ணஸ்ற் அபே. 1840 இல் ஐசனாக் நகரில், நூல் நூற்கும் ஆலைத் தொழிலாளியொருவரின் மகனாகப் பிறந்த அவர், யெனாப் பல்கலைக்கழகத்தில் இளம் விரிவுரையாளராயிருந்தபோது, அவ்வூரிலே கருவித் தொழிற்சாலை நடாத்திய கார்ல் சைஸ் 1866 இல் அவரை நாடினார். கைப்பழக்கத்தால் தீட்டிச் சரிபார்க்கும் முறையை விடுத்து, கணக்கிட்டபடியே வில்லைகளைச் செய்யவேண்டும் என்பது சைஸின் ஆவல். அபே கணக்கிட்டார். பிழைகளைக் குறைக்க விரும்பி வில்லைகளின் துவாரத்தை ஒடுக்கினார். கதிர்க் கணிதத்தின்படி அவை குற்றமற்ற வில்லைகள். செய்து பார்த்தபோது, அனுபவத் தொழிலாளர் தட்டித் தடவிச் செய்த பழைய அகன்ற வில்லைகளினும் அவை இழிந்த உருவையே தந்தன. முதலாளியின் பொருள் செலவாயிற்று. இளைஞரின் கணிதம் தோற்றது. கணக்கிற் பிழை காணாத அபே, கணக்கு எழுந்த கொள்கையையே ஐயுற்றார். அவருடைய பெருமை இவ்விடத்திலேதான் உள்ளது.

ஒளியைக் கதிரென்று மாத்திரம் கொள்ளாது அலையென்று கொண்டு அவர் ஆராய்ந்தார். நெருங்கிய கோடுகளினூடு செல்லும் ஒளி நேராக மாத்திரம் செல்வதில்லை. கோணலுற்று இருபுறமும் கற்றைகளாக விரிகின்றது. கோடுகள் நெருங்க நெருங்க அக்கற்றைகள் அகன்று சாயும். நேரே வரும் கற்றையோடு சாய்ந்த கற்றையொன்றாயினும் வில்லையினுட் புகுந்தாலன்றிக் கோடுகளின் உருவம் உண்டாகாது. ஒடுங்கிய வில்லை சாய்ந்த கற்றைகளை வெளியே விட்டுவிடுகின்றது. அவற்றோடு கோடுகள்பற்றிய செய்தியும் போய்விடுகின்றது. பின்னர் எத்தனை மடங்கு பெருக்கினாலும் போனது மீளாது. வில்லையின் ஓரத்தை மறைத்த பழையோரின் மருந்து செய்த கேடு இதுவே.

இதனை அபே கண்கூடாகவும் காட்டினார். கோடுகளை நோக்கும்போது பொருள்வில்லைக்குப் பின்னே கற்றைகளுள் ஒன்றுவிட்டொன்றை மறைத்தார். பொருளில் இருந்தவற்றிலும் இருமடங்கு கோடுகள் உருவிலே தோன்றின. இல்லாத கோடுகள்! மில்ன் எட்வேட்ஸ் கண்ட இல்லாத கோளங்களை நினைவுகூரின், இச்சோதனையைக் கண்ட நுணுக்குக்காட்டியாளர் கலங்கியதில் வியப்பில்லை. 1873 இல் அபே வெளியிட்ட முடிபின்படி, பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைத்தூரம், ஒளியின் அலைநீளத்தை ஓர் எண்ணின் இருமடங்கால் வகுக்க வருவது. வில்லை ஏற்கும் ஒளிக்கூம்பின் அரைக்கோணத்தின் சைனை, வில்லைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள ஊடகத்தின் முறிவுச் சுட்டியாற் பெருக்கினால் அவ்வெண் கிடைக்கும். அதனையே எண்துவாரம் என்பர். பொருள்வில்லையிற் பொறித்த இரண்டாம் எண் அதுவே. ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் பேரறிஞரும் வேறு வழியாற் சென்று அடுத்த ஆண்டிலே இம்முடிபை அடைந்தார்.

பச்சை ஒளியின் அலைநீளத்தை 0.55 மைக்கிரோமீற்றர் எனக் கொண்டால், 0.25 என்று பொறித்த பத்து மடங்கு வில்லை 1.1 மைக்கிரோமீற்றர் வரையும், 0.65 என்று பொறித்த நாற்பது மடங்கு வில்லை 0.42 வரையும், 1.25 என்று பொறித்த நூறு மடங்கு எண்ணெய் வில்லை 0.22 வரையும் பிரித்துக் காட்டும். 25 சதமமீற்றர் தூரத்திலே மனிதக் கண் வருத்தமின்றிப் பிரித்தறிவது மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு எனலாம். ஆகவே 0.22 மைக்கிரோமீற்றரைக் கண்ணுக்கு எட்டச் செய்ய ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருக்கம் போதும். எண்துவாரத்தின் ஆயிரம் மடங்குக்கு மேற் பெருக்குதல் வெறும் பெருக்கம் என்னும் விதி இதிலிருந்தே பிறந்தது. நாற்பது மடங்கு வில்லையின் மேல் இருபத்தைந்து மடங்குப் பார்வைத்துண்டை ஏற்றி ஆயிரம் மடங்கு பெற்றோமென மகிழும் மாணவர், நூறு மடங்கு வில்லை காட்டுவதிற் பாதியையே பெரிய மங்கலாகக் காண்கின்றார்.

கணிதம் எல்லையைக் காட்டியதோடு வழியையும் காட்டிற்று. வளியில் எண்துவாரம் ஒன்றை எட்ட இயலாது. கண்ணாடியின் முறிவுச் சுட்டிக்கு ஒத்த எண்ணெயை இடையிலிட்டால், மூடித்தட்டிலிருந்து வெளிப்படும் சாய்ந்த கதிர் வளைந்து விலகாமல் நேரே வில்லையிற் புகும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்ரீவன்சன் இக்கருத்தைத் தெரிவிக்க, அபே பல எண்ணெய்களைச் சோதித்துச் சீடர் மர எண்ணெயைத் தெரிந்து, 1878 இல் அதற்கேற்ற வில்லைகளை வெளியிட்டார். நிறப்பிழையின் எச்சத்தைப் போக்கப் பழைய கண்ணாடிகள் உதவவில்லை. ஓட்டோ ஷொட் என்னும் இளம் இரசாயனர் புதிய கண்ணாடிகளை உருக்க முன்வந்தார். 1884 இல் யெனாவிற் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. 1886 இல், புளோரைற்றுப் படிகத்தையும் சேர்த்துச் செய்த, நிறப்பிழை மிக அருகிய வில்லைகள் வெளிவந்தன.

எண்ணெய் வில்லையை முதலிற் கைக்கொண்டோருள் ஒருவர் றொபேட் கொக். பொருளின் கீழிருந்து ஒளியை அகன்ற கூம்பாகக் குவிக்கும் அபேயின் ஒடுக்கியையும் அவர் பயன்படுத்தினார். சாயமேற்றிய பற்றீரியாக்களை நோக்குங்கால் ஒடுக்கியை நன்கு திறந்துவிட்டால், இழையத்தின் வரைகள் மறைந்து, சாயமேறியவை மாத்திரம் தனித்துத் தோன்றும் என்பது அவர் கண்ட உபாயம். 1882 மார்ச்சு 24 ஆம் நாள் பேளினில், கசநோயின் காரணமான கோலுருக் கிருமியை அவர் அறிவித்தார். அக்கிருமியின் தடிப்பு அரை மைக்கிரோமீற்றரிலும் குறைவு. மனிதருள் எழுவரில் ஒருவர் இந்நோயால் மடிகின்றனர் என அவர் அன்று குறிப்பிட்டார். பரம்பரையால் வருவது என்றும் உடலின் இயல்பால் வருவது என்றும் பலர் நம்பியிருந்த நோய், தொற்றும் கிருமியால் வருவதென்று கண்முன்னே காட்டப்பட்டது.

அபேயின் எல்லையைக் கடக்கப் பின்வந்தோர் அலைநீளத்தையே குறைத்தனர். யெனாவிற் கோலர் 1904 இல் ஊதாக்கடந்த ஒளியைப் பயன்படுத்தினார். 1931 இல் றுஸ்காவும் நொலும் ஒளியை விடுத்து இலத்திரனைக் கைக்கொண்டனர். கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டே, ஒளிரும் மூலக்கூறுகளை அணைத்தும் ஏற்றியும் அவ்வெல்லைக்கு அப்பாற் சென்ற பெற்சிக், ஹெல், மோர்ணர் ஆகிய மூவர் 2014 இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசைப் பெற்றனர்.

அபே 1905 இல் இறந்தார். சைஸின் மறைவுக்குப் பின் தொழிற்சாலையில் தமக்கிருந்த உடைமையை ஓர் அறநிலையத்துக்கு உரித்தாக்கி, 1900 இல் அங்கே எட்டுமணி நேர வேலைநாளை நிறுவியவர் அவர். அவருடைய தந்தை நாள்தோறும் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் ஆலையில் நின்று உழைத்தவர். யெனாப் பல்கலைக்கழகத்தின் அருகே அபேக்கு எழுப்பிய கல்லில் அவருடைய சூத்திரம் செதுக்கப்பட்டுள்ளது. அதன் மேலே நிற்பது அலைநீளம். கீழே நிற்பது எண்துவாரம். உருப்பெருக்கத்துக்கு அச்சூத்திரத்தில் இடமில்லை.